வண்டியோடு இராத்தங்கல்: அதியமான் பெருவழி முதல் ஜேடர்பாளையம் பூங்கா வரை

நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூர் வட்டத்தில், காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். 17ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் ஆட்சி செய்த அல்லாள இளைய நாயகர் வெட்டுவித்த ராஜவாய்க்கால் இங்கிருந்துதான் கிளம்புகிறது. படுகை அணை, அதையொட்டிய அண்ணா பூங்கா, மீன் வறுவல் கடைகள் எல்லாம் சேர்ந்து இவ்வூரைச் சுற்றுவட்டாரத்தின் விடுமுறைநாள் போக்கிடமாக ஆக்கியிருக்கின்றன. ஆடி 18 அன்று கரையில் கால்வைக்க இடமிருக்காது. வேன் பிடித்து வரும் குடும்பங்கள் குளித்து, முளைப்பாரி விட்டு, கட்டுச்சோறும் மீனும் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாயும்போது கிளம்பிவிடுகின்றன. இது பகல் பூங்கா; வண்டியோடு இராத்தங்கும் இடம் அல்ல.

வண்டியில் வந்தவர் வண்டியிலேயே இரவைக் கழிப்பதற்குப் பொது இடம் ஒதுக்கித் தருவது வெளிநாட்டு வழக்கம் என்றும், கேரவன் சுற்றுலாவோடு நம்மிடம் புதிதாக வந்து சேர்ந்த வசதி என்றும் பலரும் நினைக்கிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியின் பாதைகளைப் பின்தொடர்ந்தால் கிடைக்கும் வரலாறு வேறு. வண்டியோடு தங்கும் இடம் இங்கே நெடுங்காலம் இருந்தது. சட்டப் புத்தகத்திலும் இடம்பெற்றது. பிறகு அந்த ஏற்பாடு நலிந்து, அதனோடு பிணைந்திருந்த தடை மட்டும் நிலைத்துவிட்டது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சான்றுகள் ஓரிடத்தில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாமக்கல் வட்டம் 1910இல் சேலத்திலிருந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் சேலத்துக்கே திரும்பியது. தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே லெ ஃபானு தொகுத்த 1883ஆம் ஆண்டுச் சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டுக் கெசட்டியரையும் மட்டும் வைத்துக்கொண்டு இப்பகுதியின் பாதைகளை முழுமையாக எழுதிவிட முடியாது. கல்வெட்டும், ஊராட்சிச் சட்டங்களும், இன்றும் கண்ணில் படுகிற வழக்கங்களும் துணைக்கு வர வேண்டியிருக்கிறது.

தாவளமும் சத்திரமும்

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களிலிருந்து தொடங்குவது பொருத்தம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த இரண்டு மைல்கற்களும் நாவல் தாவளம் என்ற இடத்துக்கு எவ்வளவு தொலைவு என்று சொல்கின்றன. ஒன்றில் 29 காதம், மற்றொன்றில் 27 காதம். எழுத்தறியாதவருக்காகத் தொலைவைக் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பெரிய குழியையும் ஒன்பது சிறிய குழியையும் விரலால் தடவிப் பார்த்தாலே, இருட்டில்கூட, 29 என்று தெரிந்துகொள்ளலாம். இந்தக் கல் யாருக்காக நடப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஏட்டையும் எழுத்தாணியையும் அறியாத பொதிமாட்டுக்காரனும் வண்டிக்காரனும் பெருவழியில் அவ்வளவு முக்கியமானவர்களாக இருந்திருக்கிறார்கள். அந்தக் கல் காட்டும் இலக்கு ஒரு தலைநகரின் பெயராலோ கோயிலின் பெயராலோ குறிக்கப்படவில்லை. வணிகர் கூட்டம் சுமையிறக்கித் தங்கும் தாவளத்தின் பெயரால் குறிக்கப்பட்டிருக்கிறது.

நாயக்கர், மராட்டியர் காலங்களில் சத்திரங்கள் பெருகின. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் சாலைகளையும் சத்திரங்களையும் அறியாத தமிழர் குறைவு. தஞ்சையின் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், மற்ற அதிகாரங்கள் போனாலும் சத்திரங்களை நடத்தும் பொறுப்பு தம்மிடமே இருக்க வேண்டும் என்று மன்றாடினார். சத்திரம் அரசனின் அறம். அதை இழப்பது பெயரை இழப்பது.

ஆனாலும் சத்திர வரலாற்றையே வழிப்போக்கரின் இரவு வரலாறாக எழுதிவிடும் போக்கு நம் ஆய்வுகளில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. சத்திரம் ஆளைத் தங்கவைக்கும். வண்டியும் மாடும் சரக்கும் வெளியே நிற்கும். வெல்லமோ புகையிலையோ பருத்தியோ ஏற்றி வந்தவன் வண்டியை வெளியே விட்டுவிட்டுத் திண்ணையில் நிம்மதியாகப் படுத்துவிட முடியாது. பல சத்திரங்களில் யார் உள்ளே வரலாம், யார் எந்தப் பக்கத்தில் சாப்பிடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. இந்த இரண்டு காரணங்களாலும் பெரும்பாலான உழவரும் வணிகரும் இரவைக் கழித்தது கூரைக்குக் கீழே அல்ல. வண்டிப்பேட்டையில், சந்தைத் திடலில், ஆற்றங்கரைத் தோப்பில், தங்கள் வண்டிக்கு அடியில்.

வண்டி தங்கும் முறை

பாரவண்டி மணிக்கு இரண்டரை, மூன்று மைல் நகரும். கோடையில் வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்டிப் பகலில் தங்குவார்கள். மற்ற நாளில் பகலில் ஓட்டி இரவில் தங்குவார்கள். எப்படியானாலும் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு தங்கல் வேண்டும். அந்தத் தங்கலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மாட்டை அவிழ்த்ததும் நுகத்தடி தரையில் விழாதபடி முட்டுக்கட்டை கொடுப்பார்கள். வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கும் வைக்கோலை உருவி மாட்டுக்குப் போட்டு, மாட்டைச் சக்கரத்திலேயே கட்டிவிடுவார்கள். யாராவது வண்டியை அசைத்தால் மாடு எழுந்துகொள்ளும், மாட்டை அவிழ்த்தால் வண்டி அசையும், கீழே படுத்திருப்பவன் விழித்துக்கொள்வான். அடுத்தது அச்சு. கடையாணியைத் தட்டிப் பார்த்து, மை காய்ந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றி மை போட்டு, மறுபடி மாட்டுவார்கள். அதன் பிறகுதான் மூன்று கல் கூட்டி உலை வைப்பது. ஊருக்குப் போகும் கூண்டு வண்டியென்றால் பெண்களும் குழந்தைகளும் உள்ளே வைக்கோல் மேல் விரித்த ஜமக்காளத்தில் படுத்துக்கொள்ள, ஆண்கள் கீழே படுப்பார்கள். அரிக்கேன் விளக்கு அச்சுக்குக் கீழே எரிந்துகொண்டிருக்கும்.

இத்தனைக்கும் ஊர் செய்துதர வேண்டியவை கொஞ்சம்தான். மாடு குடிக்கத் தொட்டி, ஆள் குடிக்கக் கிணறு, நிழல் மரம், வண்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் திரும்பப் போதுமான திடல், இரவில் காவலுக்கு ஓர் ஆள். கொங்குப் பகுதியில் இவை சந்தையோடும் திருவிழாவோடும் இணைந்தே அமைந்தன. மாட்டுச் சந்தைக்கு முதல்நாள் இரவே வந்து தங்குவது வழக்கம். நாமக்கல்லை அடுத்த புதன்சந்தை ஓர் எடுத்துக்காட்டு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் மாடும் குதிரையும் வண்டியும் நாள்கணக்கில் தங்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முகந்து பழனிக்குக் காவடி எடுக்கும் குடும்பங்கள், கூண்டு வண்டிகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு வழிநெடுகத் தங்கித் தங்கிப் போயின. இன்று வேனும் லாரியும் வந்துவிட்ட பிறகும் சில ஊர்க்காரர்கள் பழனிக்கு மாட்டு வண்டியிலேயே போகிறார்கள்.

எடப்பாடியைச் சேர்ந்த பருவதராஜகுலச் சமூகத்தாரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தைப்பூசம் முடிந்து பழனி மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் மரபாக உண்டு. வேறு யாரும் மலைக்கோயிலில் இரவு தங்க முடியாது. அவர்கள் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவதைத்தான் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. என் பார்வையில் அதைவிடப் பெரிய செய்தி அந்த இரவுதான். ஒரு பொது இடத்தில் இராத்தங்குவது தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்படும் உரிமையாக எண்ணப்பட்டது என்பதற்கு இந்தச் சேலம் சீமையில் அது உயிருள்ள சான்று.

சட்டத்தில் வண்டிப்பேட்டை

1884ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டத்துக்குப் பிறகு சாலை, சாலையோர மரம், சத்திரம் ஆகியவை மாவட்ட, வட்ட வாரியங்களின் பொறுப்பாயின. அறக்கட்டளையாக இருந்தது நிர்வாகமாக மாறியது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டமும், பின்னால் வந்த ஊராட்சிச் சட்டங்களும் வண்டிப்பேட்டையைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொண்டன. படகுத்துறை, தங்குமிடம், வண்டிப்பேட்டை ஆகியவற்றை உள்ளாட்சி அமைக்கலாம். அதற்குக் கட்டணம் வாங்கலாம். இன்று நடைமுறையில் உள்ள 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. எவ்வகை வண்டியும் நிற்கும் இடத்தைக் குறிக்கும்படி அங்கே வண்டிப்பேட்டைக்கு விரிவாகவே பொருள் கொள்ளப்பட்டிருக்கிறது.

இந்தச் சட்டப்பிரிவுகளின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உள்ளாட்சி ஒரு பேட்டையை அமைத்துக் கொடுத்தால், அதிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் தெருவோரத்தையும் மற்றப் பொது இடங்களையும் அதே காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கலாம். முதலில் இடம், பிறகு தடை. இடம் கொடுக்காமல் தடுக்கும் அதிகாரம் இந்தப் பிரிவில் இல்லை. மாட்டு வண்டிகள் குறைந்தபோது பேட்டைகள் பேருந்து நிலையமாகவும் வணிக வளாகமாகவும் மாறின. பல நகரங்களில் அந்தப் பெயர் மட்டும் தெருவுக்குத் தங்கிவிட்டது. தடையோ வெவ்வேறு சட்டங்களின் பெயரால் தொடர்ந்தது. வாகனங்களை நிறுத்தாதீர் என்ற பலகை நட்டவர்கள், எங்கே நிறுத்தலாம் என்ற பலகையை நடவில்லை.

யாருடைய இரவு

வண்டியோடு அலைந்து தங்குவதை அரசு சந்தேகத்தோடு பார்த்த வரலாறும் இதற்குள் அடங்கும். கடற்கரையிலிருந்து உப்பைக் கழுதையிலும் பொதிமாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிய குறவர், தலைமுறைகளாகப் பெருவழித் தங்கல்களில் பழகியவர்கள். சாலையும் ரயிலும் அந்த வணிகத்தைப் பறித்தன. சென்னையிலிருந்து புறப்பட்ட ரயில்பாதை 1861இல் சேலத்தை எட்டியது. அடுத்த ஆண்டே சங்ககிரி, ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரைப் பாதையோடு இணைந்தது. பிழைப்பு போனவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். 1871இல் வடநாட்டுக்கென்று வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தார் எங்கே தங்குகிறோம், எப்போது போகிறோம் என்று காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றானது. ஒரு காலத்தில் ஊரின் உப்புத் தேவையைத் தீர்த்தவர் என்று வரவேற்கப்பட்டவர், ஊர் எல்லையில் கூடாரம் போட்டாலே குற்றவாளி ஆனார். இந்திய அளவில் இச்சட்டம் ஒழிந்தது 1952இல். ஊருக்கு வெளியே கூடாரம் அடிப்பவரை இன்றும் விரட்டும் மனப்போக்கில் அதன் தடம் இருக்கிறது.

காரில் வருவோருக்குத் தங்க இடம் கொடுத்த அமெரிக்கக் கதையும், அலைந்து திரிபவர் மீதான இதே சந்தேகத்தில்தான் சிக்கியது. யோசெமிட்டி தேசியப் பூங்கா 1913இலும் யெல்லோஸ்டோன் 1915இலும் மோட்டார் கார்களை உள்ளே விட்டன. கார்க்காரர்கள் எங்கெங்கோ கூடாரம் அடித்தார்கள். 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரப் பூங்கா ஒன்றில் கூடிய பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். நகராட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு இலவச முகாம் திடல்களைத் திறந்தன. வருகிறவர் ஊரில் செலவு செய்வார் என்பது கணக்கு. காரின் விலை இறங்கி, வேலை தேடி அலையும் ஏழைகளும் காரில் வரத் தொடங்கியதும் கணக்கு மாறியது. 1920களிலேயே கட்டணமும் நாள் வரம்பும் பதிவேடும் வந்துவிட்டன.

அதே காலத்தில் எமிலியோ மைனெக்கி என்ற தாவர நோயியல் அறிஞர் வேறொரு கேள்வி கேட்டார். கலிபோர்னியாவின் பெருமரங்கள் ஏன் வாடுகின்றன? கார்ச் சக்கரங்களும் மனிதக் கால்களும் வேரைச் சுற்றிய மண்ணை இறுக்கிவிடுகின்றன, வேருக்கு நீரும் காற்றும் போவதில்லை என்று கண்டார். 1932இல் அவர் வகுத்த முகாம் திடல் கொள்கைதான் இன்றைய முகாம் திடல்கள் பலவற்றுக்கும் அடிப்படை. ஒருவழியாகச் சுற்றிவரும் பாதை, அதிலிருந்து பிரியும் சிறு முடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி, அடுப்புக்கும் மேசைக்கும் நிலையான இடம், வண்டி மரத்தடிக்குப் போகாதபடி பாறையும் கட்டையும். தடுப்பதற்கு முன் இடம் வகுத்தார். நம் பழைய வண்டிப்பேட்டைச் சட்டத்தின் வரிசையும் அதுதானே.

லாரியும் ரிக்கும்

நாமக்கல் நகரத்துக்கு ரயில் வந்தது 2013இல், சேலம் கரூர் பாதை திறந்தபோது. ரயில் இல்லாத ஒன்றரை நூற்றாண்டு இந்தப் பகுதியைச் சாலையின் பிள்ளையாக வளர்த்தது. வண்டி கட்டிய தச்சரும் கொல்லரும் இருந்த சீமையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் எழுந்தன. டிரெய்லர், எரிவாயு டேங்கர், முட்டை லாரி என்று நாமக்கல் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் வெளியே இருக்கின்றன. துணை லாரியில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், படுக்கை எல்லாம் போகும். வேலை நடக்கும் காட்டோரத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அதுதான் வீடு.

வண்டியே வீடாக வாழ்கிறவர்கள் இந்தியாவிலேயே செறிந்திருக்கும் மாவட்டங்களில் ஒன்று நாமக்கல் என்று சொன்னால் மிகையாகாது. இவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். ஆனால் குடிநீர், கழிப்பறை, வெளிச்சம், காவல் என்று கேரவன் பூங்காவுக்கு வேண்டியதெல்லாம் இவர்களுக்கும் வேண்டும். ஓட்டுநர் பெர்த்தில் படுத்தால் டீசல் திருடு போகிறது. கீழே படுத்தால் உயிருக்கு ஆபத்து. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதித்தது. எண்ணெய் நிறுவனங்கள் ‘அப்னா கர்’ என்ற பெயரில் பங்க்குகளில் ஓட்டுநர் ஓய்வறை கட்டுகின்றன. இரண்டும் நல்ல காரியம். ஆனால் ஓய்வறை பழைய சத்திரத்தின் வழியில் வந்தது, ஆளைத்தான் ஏற்கும். சரக்கை விட்டு நகர முடியாதவனுக்குப் பேட்டைதான் விடை.

கேரவன் கொள்கையும் ஊராட்சியும்

மத்தியச் சுற்றுலா அமைச்சகம் கேரவனுக்கும் கேரவன் பூங்காவுக்கும் ஏற்கெனவே கொள்கை வகுத்திருக்கிறது. கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, 2022 தொடக்கத்தில் வாகமண்ணில் முதல் பூங்காவைத் திறந்தது. தமிழ்நாடு 2023இல் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டது. சாகசச் சுற்றுலா நடத்துவோர், முகாம் நடத்துவோர், கேரவன் இயக்குவோர், கேரவன் பூங்கா நடத்துவோர் ஆகியோர் சுற்றுலாத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. இவை தொழில் நடத்துகிறவரை ஒழுங்குபடுத்துகின்றன. சொந்த வேனில் சமையல் பாத்திரத்தோடும் பாட்டி தாத்தாவோடும் கோயில் கோயிலாகப் போகும் குடும்பம் எந்தப் பட்டியலிலும் வராது. தமிழ்நாட்டில் வண்டியோடு இராத்தங்குவோரில் பெரும் பகுதி அந்தக் குடும்பங்கள்தாம். பெட்ரோல் பங்க் ஓரத்திலும் கோயில் மதில் ஓரத்திலும் அடுப்பு பற்றவைத்து, கழிப்பறைக்கு அலைந்து, பெண்கள் இருட்டுக்காகக் காத்திருக்கும் பயணம் அது. அதைச் சுற்றுலா வளர்ச்சி என்ற கணக்கில் நாம் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை.

ஜேடர்பாளையத்துக்கு இந்தத் தேவை நேராகப் பொருந்தும். பக்கத்திலேயே பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தை, ஆற்றைத் தொட்டு ஓடும் சாலையில் வெல்லமும் வாழைத்தாரும் ஏற்றிய வண்டிகள், பழனிக்கும் கொடுமுடிக்கும் போகும் பக்தர்கள், விடுமுறைக் கூட்டம். வண்டிப்பேட்டை அமைக்கச் சட்டப்படி ஊராட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் இடத்தைப் பூங்காவுக்குள் தேடக் கூடாது, ஆற்றங்கரையிலும் தேடக் கூடாது. மேட்டூர் அணை நிரம்பும் ஆண்டுகளில், 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கண்டதுபோல, ஆடி மாதத்திலேயே உபரிநீர் கரை புரண்டு வருகிறது. அந்நாளில் குளிக்கவே தடை போடுகிறார்கள். இரவில் நீர்மட்டம் ஏறினால் தூங்குகிறவரை எழுப்ப நேரம் இருக்காது. கழிவுத் தொட்டி வைத்த வண்டிகள் அதை ஆற்றிலோ ராஜவாய்க்காலிலோ திறந்துவிட்டால், கீழே வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் குடிநீர்க் கிணறுகளும் அதை ஏற்க வேண்டிவரும். ஆகவே வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளம் எட்டாத மேட்டில், சாலையை ஒட்டி இருபது முப்பது வண்டிக்கு முடுக்கு பிரித்த ஒருவழிப் பாதை, கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளிய கழிவுத் தொட்டி, அதை உறிஞ்சி எடுத்துப்போக லாரி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குளியலறையும், இரவுக் காவலர் ஒருவர் என்று ஒரு பேட்டையை அமைக்கலாம். லாரிக்கு ஒரு பக்கம், குடும்ப வண்டிக்கு ஒரு பக்கம், நடுவே மரவரிசை. கட்டணத்தை முழுக் குத்தகைக்கு விடாமல் ஊராட்சியே வசூலித்தால், கூடாரத்தோடு வரும் நாடோடிக் குடும்பத்துக்கு அதைக் குறைக்கவோ தள்ளிவிடவோ கிராம சபை தீர்மானம் போட முடியும். குத்தகைதாரரிடம் அதைக் கேட்க முடியாது.